இரண்டு பேருக்கான மின்சாரம்

என் பெரியப்பா ஆரோக்கியராஜின் வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு எரிந்தது, எத்தனை மணிக்கு மின்விசிறி நின்றது என்பதெல்லாம் அயர்லாந்தில் இருக்கும் ஸ்டெஃபிக்குத் தெரியும். ஸ்டெஃபி அவருடைய ஒரே மகள். அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இரவுப் பணி முடிந்து அறைக்குத் திரும்பும் பேருந்தில் உட்கார்ந்ததும் கைப்பேசியில் ஒரு செயலியைத் திறப்பாள். அதில் நான்கு கோடுகள் ஓடும். மஞ்சள் கோடு வெயில். நீலம் காற்று. பச்சை பேட்டரி. சிவப்பு வீடு. வெயிலையும் காற்றையும் மேலோட்டமாகத்தான் பார்ப்பாள். சிவப்புக் கோட்டில் கண் நிற்கும். அப்பா எழுந்துவிட்டார், கூட இருக்கும் அத்தை டிவி பார்க்கிறார், மாவு ஆட்டுகிறார்கள் என்று அதன் ஏற்ற இறக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

வீடு தொப்பூர்க் கணவாய்க்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் மண்பாதையின் கடைசியில், ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. பெரியப்பா முப்பது வருடம் சாலையோர லாரிப் பட்டறையில் வெல்டராக இருந்தவர். கணவாயில் கவிழ்ந்தும் நசுங்கியும் வரும் லாரிகளின் முகப்பை நிமிர்த்திக் கொடுப்பது வேலை. பட்டறைக்குப் பின்னாலேயே குடியிருந்ததால், லாரி சத்தம் கேட்காத ஒரு வீடு வேண்டும் என்று பெரியம்மா அருள்ராணி சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்காகக் கட்டிய வீடு இது. பெரியம்மா இதில் எட்டு மாதம்தான் இருந்தார்.

கடைசிப் பதினொரு நாள் அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். ஸ்டெஃபி அப்போது பெங்களூரில் நர்ஸாக இருந்தாள். பெரியம்மா கிடந்த பிரிவில் பணியில் இருந்த வயதான நர்ஸ் ஒருவர் தினமும் காலையில் வெளியே வந்து, பெரியப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே என்ன நடக்கிறது என்பதை அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டுப் போவார். லீவு போட்டு வந்திருந்த ஸ்டெஃபிக்கு அந்த அம்மாளைப் பார்த்துத்தான் தீவிர சிகிச்சைப் படிப்பின் மேல் ஆசை வந்தது. அயர்லாந்தில் வேலை பார்த்துக்கொண்டே அதைத் தனியாகப் படிக்கலாம், மூன்று வருடம், பாதியில் விட்டால் மறுபடி சேர முடியாது என்றார்கள். அப்பாவைத் தனியே விட்டுப் போகமாட்டேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். பெரியப்பாவின் அக்கா ராயம்மாள் மொரப்பூரில் மகன் ஆண்டோ வீட்டில் இருந்தார். அவர் வந்து தம்பியோடு இருப்பதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் ஸ்டெஃபி கிளம்பினாள்.

“அத்தை எப்ப மூட்டை கட்டறாங்களோ, அன்னைக்கே நானும் அங்கிருந்து மூட்டை கட்டிடுவேன். சொல்லிட்டேன்” என்று விமான நிலையத்தில் வைத்துச் சொன்னாள். அவள் சொன்னால் செய்வாள்.

போவதற்கு முன் வீட்டுக்கு மின்சாரம் ஏற்பாடு செய்தாள். மின்கம்பம் வீட்டுக்குக் கால் கிலோமீட்டர் கீழேயே நின்றுவிட்டது. நடுவில் இருக்கும் நிலத்துக்காரர் கம்பம் நட இடம் கொடுக்கவில்லை. ஆகவே மாடியில் ஆறு சோலார் தகடுகள், பக்கத்தில் முப்பதடிக் குழாயின் உச்சியில் மூன்று இறக்கையோடு ஒரு சின்னக் காற்றாலை. தருமபுரியிலிருந்து மதியழகன் என்பவர் வந்து எல்லாவற்றையும் பொருத்தினார். காற்றாலையின் கம்பத்தை மட்டும் பெரியப்பா யாரையும் தொடவிடவில்லை. தானே வெல்டு அடித்து, தானே நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினார். மாடிக்கு வந்த மதியழகன், கம்பத்தை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்துவிட்டு, “இது லாரி மோதினாலும் சாயாதுங்க” என்றார்.

செயலி முழுக்க ஆங்கிலம். பெரியப்பாவுக்கு நான் ஒரு தாளில் எது எது என்ன என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதைச் சுவரில் இன்வெர்ட்டருக்கு மேல் ஒட்டிக்கொண்டார். அந்த மேட்டில் சிக்னல் கொஞ்சம்தான். போனில் குரல் வரும், வீடியோவில் படம் நிற்காது. ஸ்டெஃபிக்கு வீட்டைப் பார்க்க அந்தக் கோடுகளை விட்டால் வேறு வழி கிடையாது.

போன முதல் வாரத்திலேயே ஆரம்பித்தாள்.

“ஏம்ப்பா, காலையில நாலு மணிக்கே எதுக்கு எந்திரிச்சு லைட்டப் போடறீங்க? தூக்கம் வரலையா?”

“நீ என்னா, போலீஸா?”

“பின்ன? போலீஸ்தான். நேத்து ஃபேனே போடல. கொசு கடிக்கலையா?”

பெரியப்பா போனை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தாராம். சுவிட்சைத் தட்டுகிறபோதெல்லாம் மகளை ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று பிற்பாடு ஒருநாள் என்னிடம் சொன்னார். அப்படிப் பேசுகிற ஆள் இல்லை அவர். சொல்லிவிட்டு உடனே எழுந்து குழாயடிக்குப் போய்விட்டார்.

ஆறு மாதம் நன்றாகவே ஓடியது. ஆடி பிறந்த வாரம் மொரப்பூரில் ஆண்டோவின் மனைவிக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. அந்தப் பெண்ணுக்குத் தாய் இல்லை. அத்தை போய்த்தான் தீர வேண்டும். “ஒரு மாசம்டா, வந்துடறேன்” என்று சொல்லித்தான் பஸ் ஏறினார். ஒரு குழந்தைக்கு மூச்சிரைப்பு. ஒரு மாதம் மூன்று மாதம் ஆயிற்று. பிறகு வருவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அத்தை போன மூன்றாம் நாள் ஸ்டெஃபி கூப்பிட்டாள்.

“அத்தைக்கு ஒடம்பு முடியலையாப்பா?”

“ஏன் கண்ணு?”

“ரெண்டு நாளா மத்தியானம் டிவி ஓடல. கோடு அப்படியே படுத்துக் கெடக்குது.”

உண்மையைச் சொன்னால் அவள் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவாள். “ரிமோட்டுல பேட்டரி தீந்து போச்சு கண்ணு. நாளைக்கு வாங்கியாரணும்” என்றார் பெரியப்பா.

மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்கு டிவியைப் போட்டார். இரண்டு மணிக்கு அணைத்தார். அத்தை பார்க்கும் சீரியலின் நேரம் அது. ராத்திரி இரண்டு அறையிலும் மின்விசிறி ஓடியது. சனிக்கிழமை காலையில் கிரைண்டர். அப்படித்தான் இது தொடங்கியது.

அத்தையிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டியிருந்தது.

“அக்கா, பாப்பா போன் பண்ணுச்சுன்னா இங்க வூட்டுல இருக்கற மாதிரியே பேசு.”

“ஏன்டா, இந்த வயசுல என்னைப் பொய் சொல்ல வெக்கிறியே. மாசாமாசம் பாவசங்கீர்த்தனத்துல போயி இதையே சொன்னா சாமியார் என்னா நெனைப்பாரு?”

“வேற பாவம் எதாச்சும் சேத்துச் சொல்லு.”

“அதுக்கு எங்கடா நேரம்? ரெண்டு புள்ளைங்களும் மாத்தி மாத்திக் கத்துதுங்க.”

ஆண்டோவின் வீடு மொரப்பூர் ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கிறது. ஒருதடவை பேச்சின் நடுவே ரயில் ஊதிவிட்டது. அது என்ன சத்தம் என்று ஸ்டெஃபி கேட்க, “லாரி கண்ணு, லாரி. இப்பல்லாம் லாரிக்காரனுங்க ரயிலாட்டம் ஆரன் வெச்சிக்கறானுங்க” என்று சமாளித்தார் அத்தை. அந்த வாரமே கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்ததாகத் தம்பிக்குப் போன் போட்டுத் திட்டினார்.

ஸ்டெஃபி எனக்கும் எழுதுவாள். “அத்தை எப்படி இருக்காங்க?” என்று கேட்பாள். “நல்லா இருக்காங்க” என்று பதில் போடுவேன். அத்தை நன்றாகத்தான் இருந்தார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. நான் தருமபுரியில் வேலை பார்க்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு பெரியப்பாவைப் பார்க்கப் போவேன். போகும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். திரும்பும்போது தோன்றாது.

கிரைண்டரை வெறும் தண்ணீரில் ஓட விட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தார். அரிசி இல்லாமல் கல் உரசும் சத்தம் காதுக்குப் பொறுக்கவில்லை. அதோடு, மாவுக்கும் தண்ணீருக்கும் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தில் வித்தியாசம் உண்டு, பாப்பா கண்டுபிடித்துவிடுவாள் என்று பயம். எனவே நிஜமாகவே ஊறப்போட்டு ஆட்டினார். ஒரே ஆளுக்கு அவ்வளவு மாவு எதற்கு? தூக்குவாளியில் ஊற்றி, மண்பாதை நெடுஞ்சாலையைத் தொடும் இடத்தில் இருக்கும் நிர்மலாதேவியின் தோசைக்கடைக்கு எடுத்துப் போனார்.

நிர்மலாதேவி வாளிக்குள் விரலை விட்டுப் பதம் பார்த்தார்.

“ராயம்மாக்கா போயி ரெண்டு மாசம் ஆவுது. மாவு மட்டும் வாராவாரம் வருது. யாருங்க ஆட்டறது, அக்காவோட ஆவியா?”

“உயிரோட இருக்கறவள ஏம்மா ஆவிங்கற. நாந்தான் ஆட்டறேன்.”

“ஒத்த ஆளுக்கு ரெண்டு படி அரிசியா? லாரியில லோடு ஏத்தற மாதிரி இருக்குது.”

வேறு வழியில்லாமல் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். நிர்மலாதேவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் வாளியை வாங்கி உள்ளே வைத்தார். “கொண்டாங்க. ஒங்க பொண்ணு பேரச் சொல்லிப் பத்து டிரைவருங்க தோசை துன்னட்டும்” என்றார். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் பெரியப்பாவுக்கு அங்கே இரண்டு தோசை. தன் மாவைத் தானே சாப்பிட்டுவிட்டு, காலி வாளியோடு மேடு ஏறுவார்.

வெயிலும் காற்றும் இருக்கும் மாதங்களில் இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஐப்பசியில்தான் கஷ்டம். பத்து நாள் சேர்ந்தாற்போல் மேகம் மூடிக் கிடந்தது. காற்றாலை ஓர் இலைகூட அசையாத காற்றில் சும்மா நின்றது. அந்த மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் நான் போனபோது, இன்வெர்ட்டர் பேட்டரி தீரப்போகிறது என்று கத்திக்கொண்டிருந்தது. பெரியப்பா அதன் வாயை அடைக்கிற மாதிரி எல்லா சுவிட்சையும் அணைத்தார். பிப்ரவரித் திருநாளில் கோவிலில் மந்திரித்துக் கொடுத்த மெழுகுவர்த்தியை ஏற்றி மேசைமேல் வைத்தார்.

“பகல்ல என்னென்ன போட்டீங்க பெரியப்பா?”

“டிவி ஒரு மணி நேரம். நேத்து ராத்திரி ரெண்டு ஃபேனு.”

“டிவியில்லாம இருந்தா இப்ப லைட்டாவது எரியுமில்ல?”

“எரியும்” என்றார். “எரிஞ்சா என்னா? இந்நேரம் அங்க அவ தூங்குவா. யாரு பாக்கறது?”

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இருவரும் டீ குடித்தோம்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு மதியழகன் தகடுகளைச் சோதிக்க வந்தார். அவரிடம் கேட்டு டிவிக்கு ஒரு டைமர் வாங்கிப் பொருத்திக்கொண்டார் பெரியப்பா. அதுவரை மத்தியானம் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் வீட்டுக்கு ஓடிவர வேண்டியிருந்தது. கல்யாணம், சாவு எதற்குப் போனாலும் பாதியில் கிளம்பிவிடுவார். டைமர் வந்தபின் நிம்மதி. சரியாக ஒரு மணிக்கு டிவி தானே ஓடும், இரண்டு மணிக்கு நிற்கும்.

இயேசு சிலுவையில் இறந்த நாளான பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. பங்குக் கோவில் ஒன்பது கிலோமீட்டர். பெரியப்பா காலையிலேயே மொபெட்டில் வந்துவிட்டார். காலையில் சிலுவைப் பாதை. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை தியானம். அதன்பின் சிலுவை முத்தி, ஒவ்வொருவராகப் போய்ச் சிலுவையை முத்தமிடுவது. நானும் அன்று விடுமுறை என்பதால் வந்திருந்தேன். சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் போர்த்தியிருந்தார்கள். மின்விசிறிகளைக்கூட நிறுத்தியிருந்தார்கள். பெரியப்பா ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் முழந்தாளிட்டிருந்தார். எல்லோரும் தலை குனிந்திருந்த நேரத்தில் அவர் மட்டும் மாதா சுரூபத்தின் மேலிருந்த துணியையே வெறித்துப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. எழுந்தார். வரிசையிலிருந்தவர்களின் கால்களைத் தாண்டிக்கொண்டு வெளியே போனார். அந்த நேரத்தில் யாரும் எழுந்து போகமாட்டார்கள். “ஆரோக்கியத்துக்குத் தலை சுத்தலாட்டம் இருக்குது” என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

அவருக்கு நினைவு வந்தது டிவி. ராயம்மாள் அத்தை தவக்காலம் நாற்பது நாளும் கறி தொடமாட்டார். சீரியலை மட்டும் விடமாட்டார். ஆனால் பெரிய வியாழன் சாயங்காலம் டிவியின் பிளக்கைப் பிடுங்கி, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார். பாஸ்கா, அதாவது ஈஸ்டர் ஞாயிறு, விடிந்த பிறகுதான் துண்டை எடுப்பார். ஸ்டெஃபி சின்ன வயதில் லீவுக்கு மொரப்பூர் போகும்போதெல்லாம் இதற்காக அத்தையிடம் சண்டை போட்டு அடி வாங்கியிருக்கிறாள். எங்கள் வீடுகள் எல்லாவற்றிலும் இந்த நாளில் டிவி, பாட்டு, மிக்ஸி எதுவும் ஓடாது. டைமருக்கு அது தெரியாது.

பெரியப்பா வீடு போய்ச் சேர ஒன்றேகால் ஆகிவிட்டது. கதவைத் திறந்ததும் யாருமில்லாத கூடத்தில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கிய பிறகுதான், அதையும் செய்திருக்கக் கூடாது என்று பட்டதாம். ஒரு மணிக்கு ஏறி, ஒன்றேகாலுக்கு யாரோ பதறிப்போய் அணைத்த மாதிரி கோடு இறங்கியிருக்கும்.

ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. அவள் இரவுப் பணி முடித்துப் பேருந்தில் ஏறியிருந்தாள்.

“அப்பா, டிவி யாருப்பா போட்டது?”

“நாந்தான்.”

“இன்னைக்கா?”

“ஆமா. மனசு கேக்கல. போட்டுட்டேன்.”

“பெரிய வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒரு மணிக்கு, சீரியலு பாத்தீங்க.”

“ம்.”

“என்னா சீரியலு?”

ஒன்பது மாதமாகத் தினமும் போட்டிருக்கிறார். ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

“பேரு தெரியல. ஒரு பொம்பள அழுவுறா.”

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

“அத்தை எங்கப்பா?”

வேறு நாளாக இருந்தால் கோவிலுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருப்பார். தியானத்திலிருந்து எழுந்து வந்த வாயால் அன்று அவருக்குச் சொல்ல வரவில்லை.

“மொரப்பூர்ல.”

“எப்பப் போனாங்க?”

“போன ஆடியில.”

பேருந்தில் யாரோ அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்வது கேட்டது. பிறகு ஸ்டெஃபி சொன்னாள்: “நான் வந்துடறேம்ப்பா. இந்த மாசக் கடைசிக்குள்ள எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்.”

அவள் வந்துவிடக் கூடாது என்றுதான் ஒன்பது மாதமும் அவ்வளவு பாடுபட்டார். வேண்டாம் என்ற வார்த்தை வரவில்லை. “சரி கண்ணு” என்றார்.

பாஸ்கா ஞாயிறு எல்லோரும் அந்த வீட்டில் கூடினோம். அத்தை கைக்கொன்றாக இரட்டைக் குழந்தைகளோடு வந்து இறங்கினார்.

“பெரிய வெள்ளிக்கிழமை கோவில்ல இருந்து எந்திரிச்சு ஓடி வந்து சீரியலு பாத்தவன்டா நீ! ஊரே பேசுது.”

“நான் எங்கக்கா பாத்தேன்?”

“மகளுகிட்ட நீதான சொன்ன? பொய்யாவே இருந்தாலும் அந்தப் பொய்ய என் தலையில கட்டியிருக்கலாமில்ல, எனக்குத்தான் பழக்கமாயிடுச்சே.”

பெரியப்பா சிரித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பெரியம்மா இறந்தபின் பார்த்ததில்லை. மகள் வருகிறாள். யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் கூப்பிடவில்லை, அவளே வருகிறாள். அடுத்த வாரம் ஸ்டெஃபியின் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஜன்னலில் கழன்றிருந்த கம்பிக்கு வெல்டு வைத்தார். கட்டிலை மாடிக்குத் தூக்கிப் போய் வெயிலில் காயவைத்தார். கூடத்தில் இருந்த காலண்டரில் மாதக் கடைசித் தேதியைப் பேனாவால் சுற்றினார்.

சனிக்கிழமை மாவு வாளியோடு நிர்மலாதேவியின் கடைக்குப் போனார். பழக்கத்தில் ஆட்டிவிட்டார்.

“இன்னும் எதுக்கு ஆட்டறீங்க? அதான் குட்டு ஒடஞ்சிடுச்சே” என்றார் நிர்மலாதேவி.

“பாப்பா வருதும்மா. இந்த மாசமே.”

“படிப்பு?”

“விட்டுட்டு வருது.”

நிர்மலாதேவி தோசையைத் திருப்பிப் போட்டார். “வந்து?”

“வந்து என்னா, வூட்டுல இருக்கும். தருமபுரியில எதாச்சும் ஆஸ்பத்திரியில சேந்துக்கும்.”

“இருக்கும், இருக்கும். நீங்க டிவி ஓட்டின மாதிரி அதுவும் ஒன்னு ஓட்டிக்கிட்டு இருக்கும். ‘எனக்கு இங்கதாம்ப்பா சந்தோஷம், எனக்கு ஒரு கொறையும் இல்லப்பா’ன்னு. நீங்களும் நம்பிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. அதுக்கு ஒரு டைமரு வாங்கிக் குடுங்க.”

தட்டில் தோசையை வைத்துவிட்டு அவர் அடுத்த டிரைவரைக் கவனிக்கப் போய்விட்டார். பெரியப்பா தோசையைத் தொடவில்லை. கை கழுவிக்கொண்டு, வாளியை அங்கேயே மறந்துவிட்டு மேடு ஏறினார்.

அன்று மத்தியானம் அவரே மகளைக் கூப்பிட்டார். வழக்கமாக அவள்தான் கூப்பிடுவாள்.

“எழுதிக் குடுத்திட்டியா?”

“திங்கக்கெழமை குடுக்கறேம்ப்பா.”

“குடுக்காத.”

“அப்பா—”

“நான் சொல்றத முழுசாக் கேளு. நீ வந்துடறேன்னு சொன்னப்ப எனக்கு வேணாம்னு சொல்ல வாய் வரல. ஏன்னா நீ வரணும் எனக்கு. தெனமும் வரணும். காலையில எந்திரிச்சா அதான் நெனப்பு. ரூமுக்குச் சுண்ணாம்புகூட அடிச்சிட்டேன். ஆனா வராத. படிச்சு முடிச்சிட்டு வா.”

பெரியப்பா மேலே பேசினார்.

“இனிமே டிவி ஓடாது. ஒரு ஃபேனுதான் ஓடும். கிரைண்டர் எப்பவாச்சும். ராத்திரி எட்டு மணிக்குமேல கோடு ஒன்னுமில்லாம கெடக்கும். அதான் நான் இருக்கற நெலம. அதப் பாத்துட்டு அழுவாத. பாத்துட்டு, அப்பா இருக்காருன்னு படி.”

“பொய் சொல்லாம இருப்பீங்களா?”

“சீரியலு மேல சத்தியம்.”

அவள் சிரித்தாள். சிரித்த பிறகு கொஞ்ச நேரம் அழுதாள். திங்கட்கிழமை கடிதம் கொடுக்கவில்லை. எனக்கு மட்டும் அன்று எழுதினாள்: “நீயும் சொல்லவேயில்ல பாரு.” நான் பதில் எழுத உட்கார்ந்து, எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, கடைசியில் மன்னிப்பு மட்டும் கேட்டேன்.

டைமரை மதியழகனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். காலண்டரில் சுற்றியிருந்த தேதி வந்து போயிற்று. சிவப்புக் கோடு, அவர் சொன்ன மாதிரியே, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. ஸ்டெஃபி அதைத் தினமும் பார்த்தாள். எதுவும் கேட்பதில்லை. எப்போதாவது, “இன்னைக்கு மத்தியானம் சமைக்கலையாப்பா?” என்பாள். “நேத்து சோறு இருந்துது” என்பார். அது உண்மையாகவும் இருக்கும்.

ஆடி மறுபடி வந்தது. கணவாய்க் காற்று மேட்டின்மேல் ஏறி அடித்தது. மாடியில் காயவைத்த துணி எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. ஒரு ஞாயிறு நான் போனபோது காலை பத்து மணி. அவ்வளவு காற்றிலும் காற்றாலையின் இறக்கைகள் சுற்றாமல் நின்றிருந்தன. பழுதோ என்று நினைத்தேன். பேட்டரி நிரம்பிவிட்டால் உள்ளே ஒரு கருவி இறக்கைகளைப் பிடித்து நிறுத்திவிடும் என்று பெரியப்பா விளக்கினார். இந்த மாதம் முழுக்க ஒன்பது மணிக்கே நிரம்பிவிடுகிறதாம்.

ஸ்டெஃபிக்கும் அங்கே அது தெரிந்திருக்கிறது. அவளுடைய குரல் செய்தி வந்தது. நான் போட்டுக் காட்டினேன்.

“என்னாப்பா, நீலக்கோடு காணமே? ஆடியில காத்தே இல்லையா?”

பெரியப்பா பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எட்டியிருப்பவளிடம் பேசுகிற மாதிரி சத்தமாகச் சொன்னார்: “காத்துக்கென்னா கண்ணு, தூக்கிக்கிட்டுப் போற மாதிரி அடிக்குது. பேட்டரி நெம்பிப் போச்சு. செலவு பண்ண ஆளில்ல. அதான் நிறுத்தி வெச்சிருக்குது.”

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

“நான் இருந்திருந்தா வாஷிங் மெஷின், இஸ்திரிப்பெட்டி, எல்லாத்தையும் ஒன்னாப் போட்டு பத்து மணிக்குள்ள காலி பண்ணியிருப்பேம்ப்பா.”

படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. பெரியப்பா அந்தச் செய்தியை மூன்று தடவை போட்டுக் கேட்டார்.

“பண்ணுவ, பண்ணுவ” என்றார், போனைப் பார்த்து, பொத்தானை அழுத்தாமலே.